கீறல் விழாத வில்லைகள்

கலத்தின் படத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளை வரைவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். முதலில் பென்சிலின் கூர் சரிபார்க்கப்படும். கலச்சுவருக்கு இரண்டு கோடு, மென்சவ்வுக்கு ஒரு கோடு, நடுவிலே பெரிய புன்வெற்றிடம், அதற்கு ஒரு பக்கமாகக் கரு, கருவுக்குள் புன்கரு. பிறகு நீள்வட்டமாக மூன்று நான்கு இழைமணிகள், உள்ளே வளைந்து வளைந்து போகும் மடிப்புகளோடு. அடுக்கி வைத்த பைகளாகக் கொல்கி உபகரணம். அகமுதலுருச் சிறுவலையின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள், அவை இறைபோசோம்கள். பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டமாட்டா. எல்லாம் வலது பக்கத்தில் ஒரே நேரில் முடியும். நிழல் போடக்கூடாது, அம்புக்குறி வைக்கக்கூடாது என்பதெல்லாம் பிள்ளைக்கு மனப்பாடம். பத்து நிமிடத்துக்குள் படம் முடிந்துவிடும். அழிறப்பரைத் தொடவேண்டிய தேவையே வராது.

இந்தத் திறமையைப் புகழாமல் விடமுடியாது. இதன் பின்னால் ஆசிரியர்களின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. நோட்ஸ் கொப்பியில் முதல் தடவை, செய்முறைக் கொப்பியில் இரண்டாம் தடவை, மாதிரி வினாத்தாளில் மூன்றாம் தடவை, மீட்டல் வகுப்பில் நான்காம் தடவை என்று கை பழகிப் பழகி, கடைசியில் கண்ணை மூடினாலும் படம் வரும் நிலைக்குப் பிள்ளை வந்துவிடுகிறது. கண்ணைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையை இவ்வளவு முழுமையாக நீக்கிவிட்ட உயிரியல் கல்வியை எளிதில் காணமுடியாது.

அந்தப் படத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இயற்கை செய்யாததை அது செய்திருக்கிறது. வெங்காயச் செதிலின் கலத்தில் பச்சையவுருமணி இல்லை. மண்ணுக்குள் உணவைச் சேமித்துக் கிடக்கும் செதிலுக்கு அது தேவையில்லை. எங்கள் கன்னத்தின் உட்புறக் கலத்துக்குச் சுவர் இல்லை. முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் கருவே இல்லை. ஒவ்வொரு கலமும் தன் தொழிலுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுகிறது. கொப்பியில் உள்ள கலம் அப்படி எதையும் விடவில்லை. எல்லாப் புன்னங்கங்களும் அங்கே ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்கின்றன. ஒன்றுக்கு அரைப் புள்ளி வீதம் அவை பிள்ளைக்கு உதவியும் செய்கின்றன.

அந்தப் பொதுப்படம் பல வகைக் கலங்களிலிருந்து சேர்த்துக் கட்டியது. அதில் உள்ள நுண்ணிய விபரங்களில் பெரும்பகுதி இலத்திரன் நுணுக்குக்காட்டி தந்தது. அந்தக் கருவியின் உள்ளே வெற்றிடம். கலத்தைக் கொன்று, பதப்படுத்தி, பிசினில் இறுக்கி, ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாகச் சீவிய துண்டைத்தான் அது காட்டும். அப்படிக் குறுக்கே வெட்டப்பட்டதால்தான் இழைமணி ஒரு சின்ன நீள்வட்டமாகத் தெரிகிறது. உயிருள்ள கலத்தில் அது பல இடங்களில் நீண்ட இழையாக அசைகிறது, மற்றொன்றோடு சேர்கிறது, மறுபடி பிரிகிறது. இதைப் பிள்ளைக்குச் சொன்னால் படம் குழம்பும். குழம்பாமல் காத்து வருகிறோம். எங்கள் கொப்பிகளில் இழைமணி வைத்த இடத்தில் இருக்கும். “கலத்தின் சக்தி நிலையம்” என்ற ஒரு வரியோடு அதன் கதையும் முடிந்துவிடும்.

வெங்காயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் சின்ன வெங்காயம் அறியாத ஊர் இல்லை. சுன்னாகம், இணுவில், உரும்பிராய், கோண்டாவில் என்று எந்தப் பக்கம் போனாலும் கிணற்று நீர் பாயும் பாத்திகளில் அது நிற்கும். பல பாடசாலைகளின் மதிலுக்கு அப்பால் தோட்டம்தான். தாவரக் கலத்தை முதன்முதலாகக் காட்டுவதற்கு உலகத்துப் பாடநூல்கள் பலவும் தெரிந்தெடுத்த பொருள் வெங்காயம். எங்களுக்கு அது மதிலைத் தாண்டினால் கிடைக்கும். அதிலும் எங்கள் வெங்காயம் வெள்ளை வெங்காயத்தைவிட ஒரு படி மேல். அதன் செந்நிறம் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள்ளே கரைந்திருக்கும் அந்தோசயனின் என்ற நிறப்பொருளால் வந்தது.

இதைப் பார்ப்பதற்கு வேண்டியவை கொஞ்சம்தான். காய்ந்த வெளித்தோலை நீக்கி, அடுத்துள்ள சதைச் செதிலின் வெளிப்புறத்தில் நகத்தால் கீறி இழுத்தால் செந்நிறமான மெல்லிய மேற்றோல் உரிந்து வரும். வழுக்கியில் ஒரு துளி நீர், அதன்மேல் சுருக்கமில்லாமல் அந்தத் தோல், அதன்மேல் மெல்லிய கண்ணாடித் துண்டு. துண்டை ஒரு பக்கம் ஊன்றி, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்கவேண்டும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி அகப்படும். முதன்முறை பார்க்கும் பிள்ளைகள் பலர் அந்தக் குமிழியைத்தான் கலம் என்று நினைப்பார்கள். கரிய விளிம்போடு அத்தனை வட்டமாக, அத்தனை தெளிவாக இருக்கும். சிலர் தங்கள் கண்மடலின் மயிரைப் பார்த்துவிட்டு ஏதோ உயிர் அசைகிறது என்பார்கள். பிறகு வழுக்கியைச் சற்று நகர்த்தி, குவியத்தைச் சரிசெய்தால், செங்கல் அடுக்கிய சுவர்போல நீண்ட அறைகள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றும் ஊதா நிறம்.

அந்த நேரத்தில் கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒரு துளி உப்புக்கரைசல் விட்டு, மறு ஓரத்தில் வடிதாளை வைத்து இழுக்கவேண்டும். ஆனையிறவு உப்பு போதும். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகத் தொடங்கும். மூலைகளில் முதலில் விலகும். பிறகு நான்கு பக்கமும் சுருங்கி, நிறம் அடர்ந்து, நடுவில் ஒரு உருண்டையாக நிற்கும். சுவர் மட்டும் அப்படியே இருக்கும். சுவர் வேறு, மென்சவ்வு வேறு என்பதைப் பிள்ளை அந்தக் கணத்தில் காண்கிறது. நல்ல நீரை மறுபடி விட்டால் உருண்டை விரிந்து சுவரைத் தொடும். அந்தக் கலம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முதலுருச்சுருக்கம் என்று எங்கள் பாடத்திட்டம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. வரைவிலக்கணத்தை எங்கள் பிள்ளைகள் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவார்கள். வெங்காயத்தைக் குழம்புக்கும் உப்பைச் சோற்றுக்கும் வைத்துக்கொண்டு, குமிழி என்றும் கண்மயிர் என்றும் வரும் தொல்லைகளில் ஒன்றுகூட அவர்கள்மேல் விழாமல் நாங்கள் காத்துக்கொண்டோம்.

இனி ஆய்வுகூடத்து அலுமாரிக்கு வருவோம். பல பாடசாலைகளில் நுணுக்குக்காட்டி இருக்கிறது. அரசாங்கம் தந்தது, பழைய மாணவர் சங்கம் தந்தது, போருக்குப் பிறகு வெளிநாட்டு உறவுகள் வாங்கி அனுப்பியது என்று அவை வந்து சேர்ந்தன. வந்த நாளில் படம் எடுத்தோம், கையளிப்பு விழா வைத்தோம், பொன்னாடை போர்த்தினோம். அதன்பிறகு அவை காக்கப்படும் விதத்தைக் கண்டால் மனம் நிறையும். பொலித்தீன் உறைக்குள் கருவி, மரப்பெட்டிக்குள் உறை, அலுமாரிக்குள் பெட்டி, அலுமாரிக்குப் பூட்டு, பூட்டின் சாவி அதிபரின் அறையில். வருடாந்தக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஒருபோதும் பிசகியதில்லை. பொருள் வில்லைகளில் ஒரு கீறல் இல்லை. குவியத் திருகு புதிதுபோல் இறுக்கமாக இருக்கிறது. மேடையில் அயடீன் கறை இல்லை. எந்தப் பிள்ளையின் விரலும் அந்தக் கண்ணாடியை மங்கச் செய்யவில்லை.

கருவியை இப்படி வைத்திருப்பதற்குத் தமிழில் பழைய பாராட்டு ஒன்று உண்டு. அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அங்கே வேல்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு மாளிகையில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடப்பதையும் ஔவையார் ஒருங்கே சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. கேட்டவனுக்கு அது புகழ்ச்சி. எங்கள் பாடசாலைகளில் தமிழ் ஆசிரியர் அந்தப் பாட்டை ஒரு வகுப்பில் படிப்பிக்கும்போது, அடுத்த கட்டடத்தில் நெய் பூசிய நுணுக்குக்காட்டிகள் காவலோடு இருக்கின்றன. பண்பாட்டை இவ்வளவு உண்மையாகப் பேணும் இடம் வேறு எது?

முறிந்த வேல் எப்படி இருக்கும் என்பதற்கு உயிரியலிலும் ஒரு சான்று உண்டு. 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற படை மருத்துவர் ஒரு நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். அவருடைய நுணுக்குக்காட்டியின் திருகுகள் அவரது நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் துருப்பிடித்திருந்தன. எஞ்சியிருந்த ஒரே பார்வைத் துண்டில் வெடிப்பு. அறுத்து வைத்த நுளம்பைக் காற்று அடித்துப் போய்விடும் என்பதால் விசிறியும் இல்லை. அந்தக் கருவிதான் மலேரியா எப்படிப் பரவுகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் கணக்கெடுப்புக் குழுவின் கையில் அகப்பட்டிருந்தால் அந்தக் கருவி அன்றே பாவனைக்கு உதவாதது என்று எழுதித் தள்ளப்பட்டிருக்கும்.

ரியூசன் ஆசிரியருக்கும் உரிய மரியாதையைச் செய்யவேண்டும். ஒரு கொட்டிலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தி, ஒலிவாங்கியைப் பிடித்து, கலத்தின் எல்லாப் புன்னங்கங்களையும் ஒரே நாளில் சொல்லி முடிப்பது சாதாரணத் திறமை இல்லை. எந்தப் புன்னங்கம் எந்த ஆண்டு வினாத்தாளில் வந்தது, இனி எப்போது வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புள்ளித்திட்டத்தில் எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தச் சொல்லை எழுதினால் நேரம் வீண் என்று பிரித்துச் சொல்வார். நுணுக்குக்காட்டியின் பாகங்களையும் வெண்பலகையில் வரைந்து பெயரிடுவார். குவியத்தைச் சரிசெய்யும்போது பொருள் வில்லையை வழுக்கிக்கு அருகில் இறக்கிவிட்டு, பிறகு மேல்நோக்கியே நகர்த்தவேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார். கீழ்நோக்கி நகர்த்தினால் வழுக்கி உடையும் என்ற காரணமும் நோட்ஸில் இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவரும் வழுக்கியை உடைத்ததில்லை. அதை உடைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வந்ததில்லை.

அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேட்கப்படும் கேள்விக்கு அவர் பதில் சொல்லிக் கொடுக்கிறார். கேள்வியை அமைத்தவர் வேறு. உயர்தர உயிரியலுக்கு முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். செய்முறைப் பரீட்சை கிடையாது. செய்முறையைப் பற்றிய வினா வரும். அதற்கும் பேனைதான் பதில் சொல்லவேண்டும். இசட் புள்ளியின் தசமங்கள் மருத்துவபீடத்தின் வாசலைத் தீர்மானிக்கும்போது, ஒரு பாடவேளை முழுவதையும் காற்றுக்குமிழியோடு செலவழிக்கச் சொல்லி ஒரு பிள்ளையைக் கேட்பதற்கு எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? கணக்கு மிகத் தெளிவானது. பார்த்த பிள்ளைக்கும் பாராத பிள்ளைக்கும் ஒரே புள்ளி. பாராத பிள்ளைக்கு நேரம் மிச்சம்.

இந்த ஏற்பாட்டின் உச்சம் செய்முறைக் கொப்பி. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானம், முடிவு என்று ஐந்து தலைப்புகள். ஐந்தும் சொல்லி எழுதப்படும். அவதானம் என்ற தலைப்பின் கீழே, “நீண்ட செவ்வக வடிவான கலங்கள் அவதானிக்கப்பட்டன, கரு மஞ்சள் கலந்த கபில நிறமாகத் தென்பட்டது” என்று ஒரு வகுப்பு முழுவதும் ஒரே வசனத்தை ஒரே கையெழுத்து ஒழுங்கில் எழுதுகிறது. வழுக்கி இல்லை, அயடீன் இல்லை, வெங்காயம் இல்லை. அவதானம் மட்டும் இருக்கிறது. சிலர் கூடுதல் அக்கறையோடு அதே படத்தில் இழைமணியையும் இறைபோசோமையும் சேர்த்து வரைவார்கள். பாடசாலை நுணுக்குக்காட்டி 400 மடங்கு பெருப்பிக்கும். அரை மைக்ரோமீற்றர் அகலமுள்ள இழைமணி அதில் ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்குதான். சாயமிடாமல் அதைப் பிரித்தறிவது கடினம். இறைபோசோமின் விட்டம் ஏறத்தாழ 25 நனோமீற்றர். ஒளியைக்கொண்டு பார்க்கும் சாதாரண நுணுக்குக்காட்டி 200 நனோமீற்றருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. ஒளியால் காட்டமுடியாததைக் கண்டதாக எழுதும் பார்வை எங்கள் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. அதன் கீழே சிவப்பு மையில் சரி அடையாளமும், திகதியும், ஒப்பமும் இருக்கும்.

இந்த இடத்தில் புகழ்ச்சி என் தொண்டையில் நிற்கிறது. காணாததைக் கண்டதாக எழுதுவதற்கு நாங்கள் ஒரு பிள்ளையைப் பழக்குகிறோம். அதைச் செய்யும்போது எங்கள் முகத்தில் கண்டிப்பும் கனிவும் இருக்கின்றன. பொய் சொல்லாதே என்று அந்தப் பிள்ளையை வளர்த்தவர்களும் நாங்கள்தான். அறிவியலின் முதற்பாடம் ஒன்று உண்டென்றால் அது கண்டதைக் கண்டபடி சொல்வது. அந்தப் பாடத்தை அறிவியல் வகுப்பிலேயே தலைகீழாகப் படிப்பிக்கிறோம்.

கலத்தைக் கண்டவர்களின் வரலாற்றையும் எங்கள் பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள். 1665இல் ரொபேட் ஹூக் தக்கைத் துண்டில் வெறும் அறைகளைக் கண்டார். அவை இறந்த கலங்களின் சுவர்கள். டெல்ப் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக் பல்கலைக்கழகம் போகாதவர். தாமே தேய்த்த ஒற்றை வில்லையை வைத்துக்கொண்டு குளத்து நீரிலும் தம் பல்லழுக்கிலும் அசையும் உயிர்களைக் கண்டார். 1831இல் ரொபேட் பிரவுண் ஓர்க்கிட் தாவரங்களின் கலங்களில் ஒரு பொட்டு திரும்பத் திரும்ப இருப்பதைக் கவனித்துக் கரு என்றார். 1838இல் ஷ்லைடனும் 1839இல் ஷ்வானும் கலக் கொள்கையை வகுத்தார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு குறை இருந்தது. பார்த்து வரைவதற்கு முன்னால் கொப்பியில் படம் இருக்கவில்லை. அதனால் பார்க்கவேண்டியதாயிற்று. அந்தக் குறையை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வைக்கவில்லை. பெயரும் ஆண்டும் மட்டும் கொடுத்திருக்கிறோம்; பொருத்துக என்ற வினாவுக்கு அது போதும்.

எங்கள் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கலக் கொள்கை பிறந்து எட்டு ஆண்டுகளில், 1847இல், சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் மருத்துவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். பிறகு தமிழிலேயே படிப்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் வந்தது. இரசாயன நூல் கெமிஸ்தம் 1875இல் வந்தது. டால்ரனின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் என்று 1883இல் வந்தது. தமிழில் மேல்நாட்டு மருத்துவத்தைப் படிக்கலாம் என்பதை அந்தச் சின்ன ஊர் அப்போதே காட்டிவிட்டது. அந்த மாணவர்கள் நூலையும் படித்தார்கள், நோயாளியின் உடம்பையும் பார்த்தார்கள். நாங்கள் அந்த மரபில் நூல் என்ற பாதியைக் கண்ணாகப் போற்றி வருகிறோம். மறுபாதியைப் பற்றி மானிப்பாயில் ஆண்டு விழாக்களில் பேசுகிறோம்.

போர்க்காலத்தைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துக் கல்வியைப் புகழமுடியாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தலில் திரி போட்டு ஏற்றிய விளக்கின் கீழே பிள்ளைகள் படித்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது புத்தகப் பையையும் சுமந்துகொண்டுதான் நடந்தார்கள். மரத்தடியிலும் பரீட்சை எழுதினார்கள். அந்த உறுதிக்கு யாரும் தலைவணங்கவேண்டும். பழைய நுணுக்குக்காட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பதும் உண்மை. அதன் அடியில் ஒரு கண்ணாடி இருந்தது. யன்னலோரத்தில் வைத்துத் திருப்பினால் பகல் வெளிச்சமே உள்ளே போகும். இன்று ஆய்வுகூடத்தில் மின்சாரம் இருக்கிறது. புதிய கருவியின் அடியில் மின்விளக்கும் இருக்கிறது. இல்லாத காலத்தில் இல்லை என்று சொன்னோம். இருக்கும் காலத்தில் பழுதாகிவிடும் என்று சொல்கிறோம். சொல்லில் எங்களுக்கு ஒருபோதும் குறை வந்ததில்லை.

பெற்றோரையும் வாழ்த்தவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பும் காசில் மூன்று ரியூசனுக்கு அனுப்பி, விடிய ஐந்து மணிக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, சைக்கிளில் ஏற்றிவிடும் தாய்மாரின் அன்புக்கு அளவில்லை. பிள்ளை டொக்டராக வேண்டும். பெறுபேறு வந்ததும் சந்தியில் பதாகை எழும். மாவட்ட நிலை பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பிள்ளையை நாளைக்கு நம்பி இருக்கப்போகிறவர்கள் நாங்கள்தான். எங்கள் குருதியின் ஒரு துளியை வழுக்கியில் பரப்பி, சாயமிட்டு, எண்ணி, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லவேண்டியது அந்தக் கண்தான். அப்போது புள்ளித்திட்டம் பக்கத்தில் இராது.

வழுக்கியைப் பார்க்கும் கண்ணால் ஒரு நாடு எவ்வளவு பெறலாம் என்பதற்கு வெளியே போகவேண்டியதில்லை. 1963இல் இலங்கை முழுவதும் மலேரியா நோயாளர் 17 பேராகக் குறைந்தார்கள். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்புத் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் நோய் திரும்பிவந்து இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பிறகு பல பத்தாண்டுகள் குருதிப் பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, 2012இல் உள்நாட்டில் பரவிய கடைசி நோயாளர் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. இதன் பின்னால் நின்றவர்களில் பெரும்பகுதி, பெயர் வெளியே வராத ஆய்வுகூடத் தொழிநுட்பவியலாளர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆய்வாளர்கள் குடாநாட்டின் உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதைக் காட்டினார்கள். நன்னீரில்தான் பெருகும் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. நகரத்துக் கிணறுகளில் வாழப் பழகிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டிருக்கிறது. மலேரியாவைப் பரப்பக்கூடிய நுளம்பு அது. எழுதப்பட்டதை ஒப்புவித்தவர்கள் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் குனிந்து பார்த்தார். நூலில் உள்ளதற்கு மாறாக இருந்ததை மாறாகவே எழுதினார்.

அப்படிப் பார்க்கக்கூடிய பிள்ளைகள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். நிலாவரைக் கிணற்றைக் கண்டால் ஆழத்தைக் கேட்கும் பிள்ளை, பனையடியில் முட்டியைத் திறந்து கள்ளு ஏன் நுரைக்கிறது என்று கேட்கும் பிள்ளை. அந்தக் கள்ளின் ஒரு துளியை 400 மடங்கில் வைத்தால் ஐந்தாறு மைக்ரோமீற்றர் அளவுள்ள மதுவக் கலங்கள் தெரியும். தாய்க்கலத்தின் தோளில் குட்டிக்கலம் அரும்பி நிற்பதையும் காணலாம். வாழைப்பழத்தின் ஒரு துளிச் சதையை நசித்து அயடீன் விட்டால் மாப்பொருள் மணிகள் நீலமாகும். காயிலும் கனியிலும் அவற்றின் அளவு வேறுபடுவதைப் பிள்ளையே கண்டு சொல்லும். குளத்து நீரில் பரமீசியம் ஓடும். இவ்வளவும் செலவில்லாமல் எங்கள் முற்றத்தில் கிடக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக அவற்றைத் தொடாமல் விட்டுவைத்த எங்கள் பொறுமை பெரிது. இனி அந்தப் பொறுமை போதும்.

நான் புகழ்ந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். அதிபர்களே, அலுமாரியின் சாவியை உயிரியல் ஆசிரியரின் கையில் கொடுங்கள். உடையும் வழுக்கிக்கும் கீறும் வில்லைக்கும் அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். ஆசிரியர்களே, தரம் பத்தில் கலம் தொடங்கும் நாளில் படத்துக்கு முன்னால் வெங்காயத்தைக் கொடுங்கள். பிள்ளை கண்டதை மட்டும் வரையட்டும். கோணலாக வந்தாலும், கரு தெரியாமல் போனாலும், குமிழியை வரைந்தாலும் அந்தப் படத்துக்கு முழுப் புள்ளி கொடுங்கள். காணாததை வரைந்த அழகான படத்துக்குக் கொடுக்காதீர்கள். அவதானம் என்ற தலைப்பை ஒருபோதும் சொல்லி எழுதுவிக்காதீர்கள். ரியூசன் ஆசிரியர்களே, உங்கள் பேச்சைப் பிள்ளைகள் வேதமாகக் கேட்கிறார்கள். பாடசாலையில் பார்த்துவிட்டு வா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் பார்ப்பார்கள். பரீட்சையை அமைப்பவர்கள் செய்முறைக்குப் புள்ளி ஒதுக்கும்வரை இது முழுதாகத் தீராது. அதை அவர்களிடம் பாடசாலைகளும் பெற்றோரும் சேர்ந்து எழுத்தில் கேட்கவேண்டும்.

பெற்றோரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புள்ளியைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை இந்தத் தவணையில் நுணுக்குக்காட்டிக்குள் என்ன பார்த்தது? பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.